கண்ணை மூடிக்கொண்டு பேசியவர்

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஜெபம் பண்ணித்தான் கேட்டிருக்கிறேன்.

திருமுல்லைவாயிலில் சி.டி.எச். ரோட்டை ஒட்டி, ஒரு பெயின்ட் கடையின் மாடியில் எங்கள் சபை. மேலே சிமென்ட் ஷீட். சித்திரை மாசம் அதற்கு அடியில் உட்கார்ந்தால் நரகத்தைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் வேண்டியதில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு மெரூன் திரை, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்குமுன் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் அங்கே கைகோத்து வட்டமாக நின்று ஜெபிப்போம். அவர் கீபோர்டு வாசிப்பவர், ஆராதனைக் குழுவுக்குத் தலைவர். எல்லாருக்கும் அவர் அண்ணன். அவரைவிட மூத்த எனக்கும் அண்ணன்தான். பாஸ்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கண்ணை மூடுவார். குரல் இறங்கும். “அன்பின் பரம தகப்பனே” என்று ஆரம்பிப்பார். நாலு வரி ஸ்தோத்திரம் முடிந்ததும், அந்த வாரம் எங்களில் ஒருத்தர் செய்த குற்றங்கள் வர ஆரம்பிக்கும். யார் தாமதமாக வந்தது, யார் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, யார் பாட்டின் நடுவில் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது, எல்லாம். பெயர் மட்டும் சொல்ல மாட்டார். “எங்களில் ஒருவர்” என்பார். “இங்கே நிற்கிற ஒரு பாத்திரம்” என்பார். மற்ற அடையாளம் ஒன்று விடாமல் சொல்லுவார். அவர் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. அவர் காட்டிய வழிதான்.

யாரைப் பற்றி ஜெபிக்கப்போகிறாரோ அவருடைய கையைத்தான் தன் வலது கையில் பிடிப்பார். அது எங்களுக்குத் தெரிந்துபோனதும், திரைக்குப் பின்னால் போனவுடன் ஒரு சின்னத் தள்ளுமுள்ளு நடக்கும். அவருடைய வலது பக்கத்தை விட்டு எல்லாரும் நகர்வோம்.

“நீ நில்லுக்கா அங்க,” என்று சாலமோன் என்னை முதுகில் கைவைத்துத் தள்ளுவான். “எனக்குப் போன வாரமே மண்டகப்படி ஆயிடுச்சி.”

சாலமோன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்ப்பவன், எங்கள் டிரம்மர். ஒரு தடவை தலைக்குச் செம்பட்டையாகச் சாயம் அடித்துக்கொண்டு வந்தான். அந்த வாரம் ஜெபம் இப்படிப் போனது: “தகப்பனே, எங்களில் ஒரு வாலிபன் கண்ணாடிக்கு முன்பாகச் செலவழிக்கிற நேரத்தை உம்முடைய பாதத்தில் செலவழிக்கக் கிருபை தாரும். அவன் தலையின் மயிர்களெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது. அதன் நிறத்தையும் நீர் காண்கிறீர்.”

நாங்கள் எல்லாரும் “ஆமென்” என்றோம். சாலமோனும் சொன்னான். வெளியே வந்து என்னிடம் பல்லைக் கடித்தான்.

“இன்னாக்கா பண்றது? கர்த்தர்கிட்ட என்னப் பத்தி கம்ப்ளெய்ன்ட் குடுத்துகினு கீறாரு. நடுவுல பூந்து ‘இல்ல யுவர் ஆனர்’னா சொல்ல முடியும்?”

முடியாதுதான். அதுதான் அந்த மனிதரின் சாமர்த்தியம். ஒருத்தர் நம்மைத் திட்டினால் திருப்பித் திட்டலாம், அழலாம், காரணம் சொல்லலாம். ஜெபத்துக்கு என்ன பதில் சொல்வது? அவர் நம்மிடம் பேசவே இல்லையே. நாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். நம்மைக் குழியில் போட்டுவிட்டு, நம் கையாலேயே மண் தள்ளச் சொல்கிற வேலை.

அவருக்குப் பிழைப்பு ஆவடியில் ஒரு தொழிற்சாலையில். செய்துவரும் இரும்புப் பாகங்களைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்து வைக்கிற வேலை. அந்தப் பழக்கம் கையிலேயே தங்கிவிட்டது. எதைக் கண்டாலும் நகத்தால் தட்டிப் பார்ப்பார். டீக்கடைக் கண்ணாடி டம்ளரைத் தட்டுவார், மைக்கைத் தட்டுவார். நான் டேம்பரின் தட்டுகிறவள். அதை வாங்கி அதன் சலங்கைத் தகடு ஒவ்வொன்றையும் சுண்டிவிட்டுக் காதருகே வைப்பார். “இது கொஞ்சம் அதிகம் பேசுது, சகோதரி,” என்பார். தகட்டைத்தான் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். அடுத்த ஞாயிறு ஜெபத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வார்த்தை அவருக்கு வரும். நான் ஜாக்கெட் தைப்பவள். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிற ஆள். அந்தப் பலவீனத்தால்தான் அவரிடம் இத்தனை வருஷம் மாட்டினேன். தினம் காலையில் வாட்ஸப்பில் இசைக்காரர்களுக்கு என்று ஒரு குரல் செய்தி அனுப்புவார். ‘இன்றைய உற்சாகம்’ என்று அதற்குப் பெயர்.

“சுருதி விலகினால் காது சொல்லிவிடும். சுபாவம் விலகினால் சொல்ல ஒரு சகோதரன் வேண்டும்.”

“மேடையில் நிற்கிறவன் ஜன்னல் கண்ணாடி. கண்ணாடியே கண்ணுக்குத் தெரிந்தால் அதில் அழுக்கு என்று அர்த்தம்.”

“கைதட்டல் காது வரைக்கும் வரலாம். நெஞ்சுக்குள் இறங்கினால் அது விஷம்.”

எப்படி இருக்கிறது? நன்றாகத்தானே இருக்கிறது? இதையெல்லாம் நான் அளவெடுக்க வரும் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். கத்தி நல்ல கத்தி. எவன் கழுத்துக்கு என்பதுதான் அப்போது தெரியவில்லை.

இந்தப் பேச்சினால் அவருக்கு வெளியிலும் பேர். வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பல சபைகளின் இசைக்காரர்களைக் கூட்டி ஒருநாள் கூட்டம் வைத்தார்கள். பேசப் போனவர் இவர்தான். தலைப்பு, வரத்தைவிடக் குணம் பெரிது. கிட்டார் வைத்திருந்த இளைஞர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ரூத்தைப் பாடச் சொன்னார்.

ரூத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் முன்னால் நின்று பாடுகிறவள். அம்பத்தூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண். முப்பது தாண்டவில்லை. யூ.கே.ஜி. படிக்கிற ஒரு மகள். புருஷனை விட்டு வந்து அம்மாவோடு இருந்தாள். அவளுடைய குரல் தேன் குரல் அல்ல. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கொஞ்சம் கரகரக்கும், கிழியப்போகிறது என்று நாம் நாற்காலி நுனிக்கு வருவோம், கிழியாது. அந்தக் கரகரப்பில்தான் கூட்டம் அழும். அன்றைக்கும் அழுதது. பிறகு மண்டபமே கைதட்டியது. பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான போதகர் எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்து, “இந்தத் தொண்டைய யாருக்கும் குடுத்துடாதம்மா,” என்றார்.

வேனில் திரும்பி வரும்போது அண்ணன் ஜன்னல் கம்பியை நகத்தால் தட்டிக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறு அவருடைய வலது கையில் ரூத்தின் கை.

“தகப்பனே, உமக்குச் சேரவேண்டிய மகிமையை வழியிலே யாரும் இறக்கிக்கொள்ளாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். எங்களில் ஒருவர் வீட்டைக் கட்டத் தெரியாமல் இடித்துவிட்டு வந்தவர். மேடையையாவது இடியாதபடி அவரைத் தாழ்மையில் நிறுத்தும்.”

ஆமென்.

அன்று ரூத் இரண்டாவது சரணத்தில் வார்த்தை மறந்து நின்றாள். அதற்கும் அடுத்த வாரம் ஒரு ஜெபம் வந்தது.

அந்த மனிதர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சபையிலிருந்து முதலில் வந்தவர் அவர்தான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்து, தானே பிழிந்து, கொட்டை எடுத்துக் கொடுத்தார். “ஓய்வும் ராகத்துல ஒரு பகுதிதான் சகோதரி. நிறுத்தத் தெரியாதவனுக்கு வாசிக்கவும் தெரியாது,” என்றார். எனக்குக் கண் கலங்கியது. என் கூடப் பிறந்தவன்கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போகும்போது மெதுவாகக் கேட்டார், “ஜெபிக்கணும். என்ன ஆபரேஷன்னு சொன்னா நல்லாயிருக்கும்.” சொன்னேன்.

உடம்பு தேறி நான் திரும்பி வந்த ஞாயிறு, திரைக்குப் பின்னால், சாலமோன் முதல் பேஸ் கிட்டார் வாசிக்கும் கல்லூரிப் பையன் வரை நிற்கும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்டவருக்கு என் அடிவயிற்றைப் பகுதி பகுதியாக விளக்கினார். அந்தப் பையன் கண்ணை மூடியபடியே தலை குனிந்துகொண்டான். அவனுக்காக நான்தான் வெட்கப்பட்டேன். “சரீரத்திலே ஒன்று எடுக்கப்பட்டதுபோல சுபாவத்திலே இருக்கிற பேச்சும் எடுக்கப்படட்டும்,” என்று முடித்தார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அந்த ஆள் உனக்கு ஜூஸ் குடுத்தது தாகத்துக்கு இல்ல, தகவலுக்கு,” என்றார் அவர். அதன்பிறகும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். பாட்டு இருந்தது, ரூத் இருந்தாள், சாலமோன் இருந்தான். ஒரு ஆளுக்காக எல்லாரையும் விட முடியுமா என்று நினைத்தேன்.

ரூத் இரண்டு சனிக்கிழமை ஒத்திகைக்கு வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தாள், கழுத்தில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டு. அண்ணன் கீபோர்டை அணைத்துவிட்டு அவள் எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்போது அவருடைய முகம் எவ்வளவு கனிவாக இருக்கும் தெரியுமா? கல்லும் பேசிவிடும்.

“என்ன பாரம் சகோதரி? சொன்னாத்தானே நாங்களும் தாங்க முடியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அவர்கள் இருந்த வீட்டைப் புருஷன் கண்டுபிடித்து வந்துவிட்டான். அவள் சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னால் வந்து கழுத்தைப் பிடித்திருக்கிறான். அம்மா இட்லிக் குண்டானால் அடித்துத்தான் விடுவித்தாள். அந்த வாரமே வீட்டை மாற்றிவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை, வேலை செய்யும் கடையில்கூட.

“எங்க மாத்தியிருக்கீங்க?”

“அயப்பாக்கம்ண்ணே.”

“அயப்பாக்கத்துல எந்தப் பக்கம்? குறிப்பிட்டு ஜெபிக்கணும் சகோதரி. பொதுவா ஜெபிச்சா பொதுவாத்தான் பதில் வரும்.”

வழக்கம்போல நல்ல வாக்கியம். அவள் சொல்லிவிட்டாள்.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் ஒரு செல்போன், அவ்வளவுதான். மறுநாள் ஞாயிறு, இரண்டு பாட்டுக்கு நடுவில் அண்ணன் கீபோர்டில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மைக்கில் ஜெபிக்க ஆரம்பித்தார். திரைக்குப் பின்னால் செய்கிற ஜெபம் அன்று திரைக்கு முன்னால் வந்துவிட்டது.

“தகப்பனே, இந்த மேடையிலே பாடுகிற உம்முடைய மகள் ஒருத்தி, கட்டின புருஷனை விட்டு, கையிலே பெண்குழந்தையோடு, அயப்பாக்கத்திலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருவிலே, பச்சை கேட் போட்ட வீட்டின் மாடியிலே ஒளிந்திருப்பதை நீர் காண்கிறீர். பிரிந்ததை இணைக்கிற தேவனே, அந்த மகனுடைய கால்களை அந்த வாசலுக்கு நடத்தும்.”

கூட்டம் முழுவதும் “ஆமென்” என்றது. சிலர் இரண்டு கையையும் தூக்கிச் சொன்னார்கள்.

நான் ரூத்தைப் பார்த்தேன். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தாள். அடுத்த பாட்டுக்கு சாலமோன் குச்சியைத் தட்டி எண்ண வேண்டும். எண்ணவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தானாக, தாளம் இல்லாமல் பாட ஆரம்பித்தாள். அன்றைக்குக் கரகரப்பு இல்லை. குரலே பாதிதான் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் வயர் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள். நானும் சாலமோனும் கூட நின்றோம்.

“அண்ணே, அந்த வீடியோவ எடுத்துடுங்க. என் மாமியார் வாரா வாரம் நம்ம சபை வீடியோ பாப்பாங்க. அவரு அவங்ககூடத்தான் இருக்காரு.”

“நான் உங்க பேரச் சொன்னேனா சகோதரி?”

“பேர் மட்டுந்தாண்ணே சொல்லல.”

அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். “இங்க பாருங்க. அந்த ஜெபத்துக்கு எத்தனை பேர் ஆமென் போட்டிருக்காங்க. அபிஷேகம் இறங்கின இடத்தையா வெட்டச் சொல்றீங்க?”

“அட்ரஸ் இறங்கிகீது அண்ணாத்தே,” என்றான் சாலமோன். “அத்த வெட்டுங்க. அபிஷேகம் இருந்துட்டுப் போட்டும்.”

“தம்பி, உங்க தொனி சரியில்ல.”

“தொனிய வுடுங்க. பாஸ்வேர்டு குடுங்க, நானே எடுத்துடறேன்.”

அவர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நான் இன்னும் மறக்கவில்லை. “ஜெபிச்சுட்டு முடிவு பண்றேன்,” என்றார்.

ரூத் பாஸ்டரிடம் போனாள். பாஸ்டர் நல்ல மனிதர், நல்ல மனிதராக மட்டும் இருப்பவர். “அண்ணன்கிட்ட சொல்றேம்மா,” என்றார். சொன்னாராம். திங்கட்கிழமை முழுக்க நான் தையலை வைத்துவிட்டு அந்த வீடியோவைத் திறந்து திறந்து பார்த்தேன். இருந்தது. போன் பண்ணினேன். எடுக்கவில்லை. ‘இன்றைய உற்சாகம்’ மட்டும் வந்தது: பொறுமை என்பது தாளத்தின் தாய்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் வந்துவிட்டான்.

ரூத்தின் அம்மா எனக்குப் போன் பண்ணினாள். பின்னால் இரும்பு கேட்டை உதைக்கும் சத்தம்தான் வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது தெருவே வாசலில் நின்றது. படிக்கட்டின் கிரில் கேட்டுக்கு வெளியே அவன். கையில் செல்போன், சத்தம் முழுக்க வைத்து அந்த ஜெபத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணனின் குரல், கீழே கீபோர்டின் அந்த ஒற்றைச் சுரம். ‘அந்த மகனுடைய கால்களை அந்த வாசலுக்கு நடத்தும்.’ மறுபடி, மறுபடி. தெருவுக்கெல்லாம் காட்டினான்.

“கேட்டுக்கங்கய்யா! இவ சர்ச்சே சொல்லுது. கடவுளே என்ன அனுப்பிகீறாருடி! தொறடி கதவ!”

உள்ளே ரூத் மகளைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை ஸ்கூல் யூனிபார்மில் இருந்தது, ஒரு காலில் மட்டும் ஷூ. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போலீசுக்குச் சொல்லியிருந்தார். வந்து அவனை அழைத்துப் போனார்கள். சாயங்காலமே புத்தி சொல்லி விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் ரூத்திடம், “நீ நல்ல பொண்ணுதாம்மா. ஆனா எங்களுக்கு இந்த வம்பு வாணாம்,” என்றாள்.

அன்று மத்தியானம் வீடியோ காணாமல் போனது.

புதன்கிழமை நானும் சாலமோனும் சபைக்குப் போனோம், பாஸ்டரிடம் நியாயம் கேட்க. படியேறும்போதே மேலே அண்ணனின் குரல். பாஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“கவனிச்சீங்களா ஐயா? ஞாயித்துக்கிழமை கேட்டோம், செவ்வாய்க்கிழமை அவன் கால அந்த வாசலுக்குக் கொண்டுவந்துட்டார். ஜெபம் கேக்கப்பட்டுச்சு. மிச்சத்துக்கு சகோதரிதான் ஒத்துழைக்கல.”

சாலமோன் படியில் உட்கார்ந்துவிட்டான். “அக்கா, நான் மேல வந்தா கைய வெச்சிடுவேன். நீ போயிட்டு வா,” என்றான். நானும் போகவில்லை. எனக்கும் கையின்மேல் நம்பிக்கை இல்லை.

அந்த ஞாயிறு ரூத் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். மூட்டை முடிச்சோடு அம்மாவும் மகளும் கீழே ஆட்டோவில் இருந்தார்கள். திரைக்குப் பின்னால் நாங்கள் கைகோக்கப் போகும் நேரம் உள்ளே நுழைந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணே, நான் பாட வரல. ஊரவிட்டுப் போறேன். ஒண்ணே ஒண்ணு வேணும் எனக்கு. தப்பு பண்ணிட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. ஆண்டவர்கிட்ட வேணாம். என்கிட்ட சொல்லுங்க.”

திரைக்கு அந்தப் பக்கம் கூட்டம் நாற்காலியில் உட்காரும் சத்தம். அவர் அவளைப் பார்த்தார். ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உதடு அசைந்தது. எனக்கே பாவமாக இருந்தது. சொல்லியிருந்தால், இன்று இதை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

“வாங்க சகோதரி, ஜெபிக்கலாம்,” என்று இரண்டு கையையும் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணத் தொறங்கண்ணே.”

“அன்பின் பரம தகப்பனே...”

“அண்ணே. கண்ணத் தொறங்க.”

“...எங்களில் காயப்பட்டிருக்கிற ஒருவரை நீர் காண்கிறீர். கோபம் அவருடைய வாயை...”

ரூத் இன்னும் இரண்டு வரி காத்திருந்தாள். திறக்கவில்லை. அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். சாலமோன் டிரம் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனான். பேஸ் கிட்டார் பையன் என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன், அவனும் போனான். கடைசியாக நான். திரையை விலக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் கையை நீட்டியபடி, கண்ணை இறுக்கி மூடியபடி, ஆள் இல்லாத இடத்தில் நின்று எங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் படி இறங்கும்போது ஜெபத்தை முடித்தார். முடித்துவிட்டு ஆமெனுக்குக் காத்திருந்தது எங்களுக்குக் கேட்டது.

“பூனை கண்ண மூடிகினு கீது,” என்றான் சாலமோன்.

ரூத் சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறி மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். “நீ எங்க போனாலும் பாடணும்க்கா,” என்று அவன் சொன்னபோது, “பாப்பா தூங்கறப்ப பாடுறேன்டா,” என்றாள்.

பாஸ்டர் அவரைக் கொஞ்ச நாள் மேடையிலிருந்து இறக்கி உட்கார வைத்தார். வாசிக்க வேறு ஆள் இல்லை என்று மறுபடி மேடை ஏற்றிவிட்டார். இப்போதும் கூட்டங்களில் இசைக்காரர்களின் குணத்தைப் பற்றிப் பேசுகிறார். இப்போதும் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். நான் ஆவடிப் பக்கம் வேறு ஒரு சபைக்குப் போகிறேன். மன்னித்துவிடு என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அவர் கேட்கட்டும், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. அப்புறம் பார்க்கலாம்.

ரூத் போன ஊரிலும் ஒரு சபை இருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து பாடுகிறாளாம். அந்தக் குரல் கூட்டத்தில் மறையுமா? திரும்பிப் பார்த்துவிட்டு மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் செல்போன் நிற்பதைப் பார்த்துவிட்டு, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாளாம்.

அவளுக்காகத் தினமும் காலையில் ஜெபிக்கிறேன். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் பெயரைச் சொல்லி, மகள் பெயரைச் சொல்லி, அம்மா பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். அது ஆண்டவருக்குத் தெரியும்.